நவோனா சதுக்கத்துக்கு அரை மணி நேரம் போதுமா?

ஏப்ரல் மாதத்தில் மூன்று நாள் ரோமில் தங்கப் போவதாகவும், அறுபது வயதைக் கடந்த பெற்றோர் உடன் வருவதாகவும், பயண முகவர் தந்த நிரலில் பியாஸ்ஸா நவோனாவுக்கு மாலையில் அரை மணி நேரம் மட்டும் ஒதுக்கப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரம் போதுமா, அங்குள்ள மூன்று நீரூற்றுகளில் எதைத் தவறவிடக் கூடாது, பெற்றோருக்கு நடை அதிகமாகிவிடுமா என்பவை உங்கள் கேள்விகள்.

போதாது என்பதே என் பதில். குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதையும் மாலையிலிருந்து காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சதுக்கத்தின் முதன்மையான கட்டடமாகிய சான்ட் ஆக்னேஸே தேவாலயம் மேற்குப் பக்கத்தில் கிழக்கு நோக்கி நிற்கிறது. ஏப்ரலில் ஏழு மணியளவில் அங்கே இருந்தால், கீழ்ப்புறத்து வீடுகளுக்குப் பின்னாலிருந்து எழும் வெயில் முதலில் தேவாலயத்தின் குவிமாடத்திலும் இரட்டைக் கோபுரங்களிலும் விழுந்து, பிறகு சுவர் வழியே மெல்லக் கீழிறங்கி, கடைசியாக நீரூற்றின் பளிங்கைத் தொடுவதைக் காணலாம். மாலையில் அதே சூரியன் தேவாலயத்தின் பின்னால் போய்விடுவதால் முகப்பு நிழலில் ஆழ்ந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஓசை. நான் முதன்முறை போனது ஒரு ஜூலை மாதப் பிற்பகலில். கூட்டத்தின் இரைச்சலில் தண்ணீரின் ஓசை காதிலேயே விழவில்லை. இரண்டாம் முறை விடியற்காலையில் போனபோதுதான், அந்த மூன்று நீரூற்றுகளும் ஒன்றுக்கொன்று வேறான மூன்று ஓசைகளை எழுப்புகின்றன என்பது தெரிந்தது.

சதுக்கம் என்று நாம் சொன்னாலும் அது சதுரமானது அன்று. வடக்கு முனை அரைவட்டமாக வளைந்தும், தெற்கு முனை ஏறத்தாழ நேராகவும் அமைந்த, நீண்டு ஒடுங்கிய வெளி அது. இந்த வடிவத்தை எந்த நகரமைப்பாளரும் வரையவில்லை. பேரரசர் டொமிஷியன் கி.பி. 86இல் தொடங்கிவைத்த தடகள விளையாட்டரங்கின் ஓடுகளம்தான் இன்றைய தரையாகியிருக்கிறது. அரங்கம் முழுவதும் கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்டிருந்தது. கிரேக்க முறையிலான ஓட்டம், மற்போர், குத்துச்சண்டை ஆகிய போட்டிகள் அங்கே நடந்தன. பேரரசு சிதைந்தபின் பார்வையாளர் படிக்கட்டுகளின்மேல் மக்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். கீழேயிருந்த வளைவு அறைகளே அவ்வீடுகளுக்கு அடித்தளமாயின. களத்தின்மேல் மட்டும் யாரும் கட்டவில்லை. போட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘அகோன்’ என்பதிலிருந்து ‘இன் அகோனே’ என்ற வழக்கு பிறந்து, அது மக்கள் நாவில் தேய்ந்து ‘நவோனே’ என்றும் ‘நவோனா’ என்றும் ஆனது. தேவாலயத்தின் முழுப்பெயரான ‘சான்ட் ஆக்னேஸே இன் அகோனே’ என்பதில் அந்தப் பழைய வடிவம் இன்றும் தங்கியிருக்கிறது.

ஆகவே நேராகச் சதுக்கத்தின் நடுவுக்குப் போய்விடாதீர்கள். வடக்கு வளைவின் வெளிப்புறத்தில் பியாஸ்ஸா டி தோர் சங்குவிஞ்ஞா என்ற சிறிய திடல் இருக்கிறது. அங்கே பிற்காலக் கட்டடம் ஒன்றின் அடியில், இன்றைய தெருவின் மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, அரங்கின் வாயில் வளைவு ஒன்று கம்பியழிக்குப் பின்னால் வெளிப்படையாகத் தெரியும். தெருவில் நின்று குனிந்து பார்த்தாலே போதும். அந்தக் கல்வளைவைப் பார்த்துவிட்டுச் சந்து வழியாக உள்ளே நுழைந்தால், நீங்கள் நுழைவது ஓடுகளத்தினுள் என்பதும், இருபுறமும் வரிசையாக நிற்கும் மஞ்சளும் காவியும் பூசிய வீடுகள் படிக்கட்டுகளின் இடத்தில் நிற்கின்றன என்பதும் சொல்லாமலே விளங்கிவிடும். கட்டணம் செலுத்தி நிலத்தடியில் இறங்கி அரங்கின் எச்சங்களைப் பார்க்கவும் வழி உண்டு. அது காலையில் சற்று நேரம் கழித்தே திறக்கும். பெற்றோருக்குப் படியிறங்கச் சிரமம் என்றால் அதைத் தவிர்த்துவிடலாம். வெளியிலிருந்து தெரியும் வளைவே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

இனி தண்ணீருக்கு வருகிறேன். இந்த நீரூற்றுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சிற்பங்களைப் பற்றியே எழுதுகிறார்கள். ஆனால் சிற்பம் ஏன் இப்படி அமைந்தது என்பதற்கான விடை தண்ணீரில்தான் இருக்கிறது. இங்கே வருவது ‘ஆக்வா வெர்ஜினே’ என்ற கால்வாயின் நீர். கி.மு. 19ஆம் ஆண்டில் அகஸ்டஸின் படைத்தலைவரும் மருமகனுமான அக்ரிப்பா, நகரின் குளியல் கூடத்துக்காக வெட்டுவித்த கால்வாய் அது. நகருக்குக் கிழக்கேயுள்ள ஊற்றுகளிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம், பெரும்பகுதி நிலத்தடியிலேயே ஓடிவருகிறது. இடைக்காலத்தில் நலிந்துபோன அதை 1570இல் செப்பனிட்டு மீண்டும் முழுமையாக ஓடச் செய்தார்கள். திரேவி நீரூற்றுக்கும் இதே நீர்தான். அது தெளிந்த நீர் என்று பெயர் பெற்றது. ஆனால் ஊற்றுக்கண்ணே தாழ்வான இடத்தில் இருப்பதால் கால்வாயின் சரிவு மிகக் குறைவு. சரிவு குறைவு என்பதால் நகருக்குள் வந்து சேரும்போது நீரின் அழுத்தமும் குறைவு. மோட்டார் இல்லாத காலத்தில், எந்த உயரத்திலிருந்து தண்ணீர் புறப்பட்டதோ அந்த உயரத்தைத் தாண்டி அதை எழுப்ப முடியாதல்லவா? ஸ்பானியப் படிகளின் அடியில், தரையோடு தரையாகப் பாதி மூழ்கிய படகைப்போல் ஒரு நீரூற்று இருப்பதைப் பார்ப்பீர்கள். சிற்பி பியெத்ரோ பெர்னினி அதை அப்படி அமைத்ததற்கு இந்த அழுத்தக் குறைவே காரணம். நவோனாவின் நடு நீரூற்றை அமைத்த ஜான் லொரென்ஸோ பெர்னினி அவருடைய மகன். தந்தையின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்.

நவோனாவுக்கு இந்த நீர் வந்த கதை சுருக்கமானது. 1477இல் நகரச் சந்தை கபிடோலின் குன்றடியிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. கால்வாய் செப்பனிடப்பட்டபின், 1570களில், ஜாக்கொமோ தெல்லா போர்த்தா என்ற கட்டடக் கலைஞர் சதுக்கத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு தொட்டி அமைத்தார். நடுவில் குதிரைகள் நீரருந்தும் ஒரு தொட்டியைத் தவிர ஏதுமில்லை. 1644இல் ஜொவான்னி பத்திஸ்தா பாம்ஃபீலி என்பவர் பத்தாம் இன்னொசென்ட் என்ற பெயரில் திருத்தந்தையானார், அதாவது போப்பாண்டவரானார். அவருடைய குடும்ப வீடு இந்தச் சதுக்கத்தில்தான் இருந்தது. வீட்டைப் பெரிய அரண்மனையாக மாற்றிக் கட்டவும், பக்கத்தில் தேவாலயத்தைப் புதுப்பிக்கவும், எதிரே ரோம் முழுவதும் வியக்கும்படி ஒரு நீரூற்றை நிறுத்தவும் அவர் எண்ணினார். கூடுதல் நீரைக் கொண்டுவரும் பொறுப்பு பொரோமினி என்ற கட்டடக் கலைஞரிடம் கொடுக்கப்பட்டது. நான்கு நதிகள் என்ற கருத்தை முதலில் முன்வைத்தவரும் அவரே என்பர். அக்காலத்தில் பெர்னினிக்குச் செல்வாக்கு இல்லை. அவர் முந்தைய திருத்தந்தை எட்டாம் அர்பனின் அன்புக்குரியவர். அதோடு, புனித பேதுரு பேராலயத்துக்கு அவர் எழுப்பிய மணிக்கோபுரத்தின்கீழ் விரிசல் கண்டு, 1646இல் அது இடித்துத் தள்ளப்பட்டது. அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வது இது: திருத்தந்தையின் உறவினரான இளவரசர் ஒருவர், பெர்னினி செய்த மாதிரியைத் திருத்தந்தை கடந்துபோகும் அறையில் வைத்துவிட்டார், அதன் முன் நெடுநேரம் நின்ற இன்னொசென்ட், பெர்னினியின் திட்டங்களை நிறைவேற்ற விரும்பாதவர்கள் அவற்றைப் பார்க்காமல் இருப்பதே வழி என்றாராம். வேலை 1648இல் தொடங்கி, 1651 ஜூன் 12 அன்று நீரூற்று திறக்கப்பட்டது.

இப்போது அந்த நான்கு நதிகள் நீரூற்றின் முன் நில்லுங்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். பெரிய பீச்சல் எதுவும் இல்லை. பாறையின் பிளவுகளிலிருந்து நீர் கசிந்தும் வழிந்தும் விசிறிபோல் விரிந்தும் தாழ்வாகவே ஓடுகிறது. பிறகு தலையை நிமிர்த்துங்கள். பாறையின்மேல் 16 மீட்டருக்கும் சற்று உயரமான எகிப்தியக் கருங்கல் ஒபிலிஸ்க் தூண் வானத்தை நோக்கிப் போகிறது. தரையிலிருந்து அதன் உச்சியிலுள்ள வெண்கலப் புறாவரை சுமார் 30 மீட்டர். தண்ணீரை மேலே எழுப்ப முடியாத இடத்தில் பெர்னினி கல்லை எழுப்பினார். உயரத்தைக் கல்லுக்கும் ஓட்டத்தை நீருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். இந்த ஒன்றைக் கண்டுகொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே புலப்படும் என்பது என் அனுபவம்.

அந்தத் தூண் எதன்மேல் நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். அடியில் திண்மையான பீடம் இல்லை. டிராவர்டைன் என்ற, தேன்கூடுபோல் சிறு துளைகள் நிறைந்த கல்லில் செதுக்கிய பாறை அது. நான்கு பக்கமும் குடைந்து குகையாக்கப்பட்டிருக்கிறது. ஒருபுறம் நின்றால் குகையின் வழியே மறுபுறத்து வெளிச்சமும், அங்கே நடந்துபோகிறவர்களின் கால்களும் தெரியும். பெருஞ்சுமையான தூண் வெற்றிடத்தின்மேல் நிற்கிறது. திறந்த நாட்களில் இது விழுந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். குகையிலிருந்து ஒரு குதிரை பாய்ந்து வெளிவருகிறது. இன்னொரு பக்கம் சிங்கம் ஒன்று, காற்றில் சாய்ந்த பேரீச்ச மரத்தின் நிழலில் குனிந்து, தண்ணீரில் நாக்கை வைக்கப் போகிறது. அதன் பிடரி மயிரையும், மரத்தின் அடிப்பட்டையில் அடுக்கடுக்காக உரிந்து நிற்கும் செதில்களையும் அருகில் நின்று பாருங்கள். உதவியாளர்களிடம் விடாமல் பெர்னினி தம் கையாலேயே செதுக்கிய பகுதிகள் இவை என்று மரபாகச் சொல்லப்படுகிறது. பார்க்கும்போது நம்பத்தான் தோன்றுகிறது. சிற்பத்தை ஒரே இடத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு போனால் நான்கில் மூன்று பங்கு கைநழுவிப் போகும். தொட்டியைச் சுற்றி ஒருமுறை மெதுவாக, பிறகு எதிர்த்திசையில் ஒருமுறை நடங்கள். கோயிலில் பிராகாரம் சுற்றிப் பழகிய நமக்கு அது கடினமன்று.

நான்கு மூலைகளிலும் வெண்பளிங்கில் நான்கு ஆற்றுத் தெய்வங்கள் அமர்ந்திருக்கின்றன. பெர்னினியின் வடிவமைப்பின்படி நான்கு சிற்பிகள் அவற்றைச் செதுக்கினார்கள். அன்று ஐரோப்பியர் அறிந்திருந்த நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிகள். ஐரோப்பாவுக்கு டான்யூப், அது திருத்தந்தையின் குலச்சின்னத்தைக் கைகளால் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு நைல், அதன் பிறப்பிடம் அன்று ஐரோப்பாவில் உறுதியாகத் தெரியாததால் அதன் முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள். அமெரிக்காவுக்கு ரியோ தே லா பிளாட்டா. ‘வெள்ளி ஆறு’ என்ற பொருளுக்கேற்ப நாணயக் குவியலின்மேல் சாய்ந்து, ஒரு கையை உயர்த்திக் கண் கூசியவனைப்போல் பின்வாங்குகிறது. அதனருகே நீரில் ஒரு விசித்திரமான விலங்கைக் காண்பீர்கள். அது தென்னமெரிக்காவின் அர்மடில்லோ என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நம் காட்டு அழுங்கைப்போல் உடலில் ஓடு போர்த்த விலங்கு அது. நேரில் பார்க்காத ஒருவரின் கற்பனையில் முதலைக்கும் பூதத்துக்கும் நடுவிலான ஓர் உருவமாக மாறியிருக்கிறது.

ஆசியாவுக்கு நம் கங்கை. பெற்றோரை அழைத்துச் சென்று இந்தச் சிலையின் முன் கட்டாயம் நிறுத்துங்கள். மகரத்தின்மேல் நிற்கும் பெண் தெய்வமாகவே கங்கையைக் கண்டு பழகிய நம் கண்களுக்கு, தாடி வளர்த்து நீண்ட துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓய்வாகச் சாய்ந்திருக்கும் இந்த ஆண், கங்கை என்று சொன்னால்தான் தெரியும். கிரேக்க, ரோமானிய மரபில் ஆறுகள் பெரும்பாலும் தாடி வைத்த ஆண் தெய்வங்கள். இலத்தீனில் கங்கையின் பெயரும் ஆண்பாற் சொல். துடுப்பு, படகு செல்லத்தக்க பேராறு என்பதைக் காட்டுகிறது. கிளாட் பூசான் என்ற பிரெஞ்சுச் சிற்பி செதுக்கியது இது. ஐரோப்பாவை விட்டு வெளியே போயிராத பெர்னினியின் பட்டறையில், கங்கை ஒரு பெயராகவும் ஒரு துடுப்பாகவும் மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1651இல் ரோமின் நடுவில் கங்கைக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

தூணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல் எகிப்தின் அஸ்வானிலிருந்து வந்தது. ஆனால் அதிலுள்ள சித்திர எழுத்துகள் பண்டைய பாரோ மன்னர்களின் காலத்தவை அல்ல. தன்னையும், தன் தந்தை வெஸ்பாசியனையும், அண்ணன் டைட்டஸையும் போற்றும்படி டொமிஷியனே பொறிக்கச் செய்தவை. பின்னாளில் மாக்ஸென்டியஸ் என்ற பேரரசர் அதை நகருக்கு வெளியே ஆப்பியன் சாலையருகே தாம் கட்டிய தேரோட்டக் களத்துக்குக் கொண்டுபோனார். அங்கே துண்டுகளாக உடைந்து கிடந்ததை இன்னொசென்ட் எடுத்துவந்து ஒட்டவைத்தார். எந்தப் பேரரசரின் விளையாட்டரங்கோ அங்கேயே, அவரைப் புகழும் கல் வந்து சேர்ந்தது. ஆனால் அன்று அதை நிறுத்தியவர்களுக்கு அது தெரியாது. அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற புகழ்பெற்ற இயேசு சபைத் துறவி அந்த எழுத்துகளில் ஆழ்ந்த சமய மறைபொருள்களைக் கண்டு 1650இல் பெரிய நூலே எழுதினார். எகிப்திய எழுத்துகளின் பூட்டு திறந்தது 1822இல், ஷம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞரின் கையில். கிர்ச்சர் படித்தது எதுவும் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது அதன் பிறகே தெளிவாயிற்று.

வழிகாட்டிகள் உங்களிடம் ஒரு கதை சொல்வார்கள். பெர்னினிக்கும் பொரோமினிக்கும் பகை. எதிரேயுள்ள பொரோமினியின் தேவாலயம் தன்மேல் இடிந்து விழுந்துவிடும் என்று அஞ்சித்தான் பிளாட்டா நதி கையை உயர்த்துகிறது, நைல் அதைப் பார்க்கச் சகியாமல் முகத்தை மூடிக்கொண்டது என்பார்கள். இது உண்மையன்று. நீரூற்று முடிந்தது 1651இல். தேவாலயத்தின் கட்டுமானம் ரைனால்டி என்ற கட்டடக் கலைஞர் குடும்பத்துத் தந்தையாலும் மகனாலும் 1652இல் தொடங்கப்பட்டு, பொரோமினி பொறுப்பேற்றது 1653இல். இல்லாத சுவரைக் கண்டு சிலை அஞ்ச முடியாது. போட்டி இருந்தது உண்மை. ஆனால் இந்தக் கதையை நம்பினால் பொரோமினியின் சாதனையைக் காணத் தவறிவிடுவோம். முகப்பின் நடுப்பகுதி உட்குழிந்து வளைந்திருப்பதைக் கவனியுங்கள். முகப்பை நேர்ச்சுவராக முன்னால் நிறுத்தியிருந்தால், ஒடுங்கிய சதுக்கத்தில் நிற்பவர்களின் கண்ணிலிருந்து குவிமாடம் மறைந்திருக்கும். சுவரைப் பின்வாங்கவைத்ததால் குவிமாடம் முன்னால் வந்து நிற்கிறது. அவர் 1657இல் விலகியபின் மற்றவர்கள் வேலையை முடித்தார்கள் என்றாலும், அந்த வளைவு அவருடையது.

இந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. கட்டுமானம் நடந்த ஆண்டுகள் ரோமில் பஞ்ச காலம். ரொட்டி அளவில் சிறுத்துக்கொண்டிருக்கையில், வரிப்பணத்தில் கற்கள் இழுத்துவரப்பட்டன. கற்கம்பமும் நீரூற்றும் எங்களுக்கு எதற்கு, வேண்டியது ரொட்டி, ரொட்டி, ரொட்டி என்று எழுதிய தாள்கள், வந்து இறங்கிய கற்களிலேயே ஒட்டப்பட்டிருந்தன. அப்படி எழுதி ஒட்டும் வழக்கத்துக்கு உரிய இடம் சதுக்கத்தின் தென்மேற்கு மூலைக்கு அப்பால் இரண்டு நிமிட நடையில் இருக்கிறது. 1501இல் கர்தினால் கராஃபா அங்கே நிறுத்திய, கைகால் சிதைந்த பழங்காலச் சிலை ஒன்றுக்கு மக்கள் பாஸ்குவினோ என்று பெயரிட்டார்கள். ஆட்சியாளரைக் குறைகூறும் பாடல்களை இரவில் வந்து அதன்மேல் ஒட்டிவிட்டுப் போவார்கள். இன்றும் அதன் அருகில் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கும். நான்கு நதிகளைப் பார்த்தவர்கள் பாஸ்குவினோவையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று திருத்தந்தை சொன்னது, மற்றது ஊர் சொன்னது.

தெற்கு முனையிலுள்ள மூர் நீரூற்றில் தொட்டி தெல்லா போர்த்தாவுடையது. நடுவில் திமிறும் மீனைப் பிடித்துக்கொண்டு உடலை முறுக்கி நிற்கும் உருவத்தை 1653இல் பெர்னினி வடிவமைக்க, ஜொவான்னி அந்தோனியோ மாரி செதுக்கினார். அந்த இடுப்பின் திருப்பம் பார்க்கத்தக்கது. சுற்றிலும் சங்கு ஊதும் திரைட்டன்கள் என்ற கடல் தேவர்கள் 1874இல் வைத்த நகல்கள். மூலச் சிற்பங்கள் போர்கேசே பூங்காவில் இருக்கின்றன. வடக்கு முனையில் கடல் தெய்வமான நெப்டியூனின் நீரூற்று, பெர்னினி வாழ்ந்த பரோக் கலைக் காலத்தது போலத் தெரிந்தாலும் அதன் சிலைகள் 1878இல் வைக்கப்பட்டவை. முந்நூறு ஆண்டுகள் அது வெறும் தொட்டியாகவே கிடந்தது. எண்காலியோடு பொருதும் நெப்டியூனில் திறமை இருக்கிறது, ஆனால் பெர்னினியின் மூச்சு இல்லை. ஐந்து நிமிடம் போதும்.

மற்றொரு செய்தி, நீங்கள் தரையைப் பார்க்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. 1652 முதல் 1866 வரை ஆகஸ்ட் மாதத்துச் சனி, ஞாயிறுகளில், நீரூற்றுகளின் வடிகால்களை அடைத்துச் சதுக்கத்தை ஏரியாக்கினார்கள். அன்று தரை நடுவில் குழிந்திருந்ததால் நீர் தேங்கியது. செல்வர்கள் அலங்கரித்த குதிரை வண்டிகளை அந்த நீரில் ஓட்டிச் சுற்ற, ஊர்ச் சிறுவர்கள் முழங்காலளவு நீரில் இறங்கி விளையாடினார்கள். கோடை வெக்கையில் வாடிய நகரத்துக்கு அது திருவிழா. 1869இல் சந்தை காம்போ தே ஃபியோரி சதுக்கத்துக்குப் போன பின்னர், நடுப்பகுதி மேடாகத் தளமிடப்பட்டது. இப்போது நீர் தேங்க வழியில்லை.

இனி பெற்றோரைப் பற்றி. சதுக்கத்துக்குள் வண்டிகள் வருவதில்லை, படிகள் இல்லை, தரை சமமானது. ஆனால் சுற்றுப்புறச் சந்துகளில் ‘சம்பியெத்ரீனி’ என்ற சிறிய கருங்கற்களைப் பதித்திருப்பார்கள். இடுக்குகளில் கால் புரளும். மெல்லிய அடி கொண்ட செருப்பு வேண்டாம். அருகில் மெட்ரோ நிலையம் இல்லை. டாக்ஸியில் வந்து, கிழக்கே சதுக்கத்துக்கு இணையாக ஓடும் கோர்சோ தெல் ரினாஷிமெந்தோ தெருவில் இறங்குவது அவர்களுக்கு எளிது. அங்கிருந்து ஒரு நிமிட நடை. தெற்கிலுள்ள கோர்சோ வித்தோரியோ இமானுவேலே தெருவுக்குப் பேருந்துகள் உண்டு. அவற்றில் நெரிசல் மிகுதி, கைப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். நீரூற்றுக்குள் இறங்குவதற்கும், நீரில் கால் வைப்பதற்கும் அபராதம் உண்டு. தேவாலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பெரும்பாலான தேவாலயங்களைப்போல் நண்பகலில் சாத்திவிடுவார்கள். காப்பிக் கடையில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, சதுக்கத்தைப் பார்த்தபடி மேசையில் அமர்ந்தால் பல மடங்கு என்பது இத்தாலி முழுவதும் உள்ள வழக்கம். ஒருமுறை விலைப்பட்டியலைப் பார்க்காமல் அமர்ந்து, மூன்று காப்பிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையைக் கொடுத்தோம். சதுக்கத்திலேயே கல் இருக்கைகள் உள்ளன. காலையில் இடம் கிடைக்கும்.

எட்டரை மணிக்குள் சதுக்கத்தை முடித்துக்கொண்டால், கோர்சோ தெல் ரினாஷிமெந்தோவைக் கடந்து சில நிமிடங்களில் சான் லுயிஜி தே ஃபிரான்செஸி தேவாலயத்தை அடையலாம். புனித மத்தேயுவின் வாழ்வைக் கரவாஜ்ஜோ தீட்டிய மூன்று ஓவியங்கள் அங்கே இருக்கின்றன, கட்டணம் இல்லை. அது திறக்கும் நேரத்தை மட்டும் முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று நாட்களில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று வருமானால் நவோனாவை அன்றைக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதே தெருவில், பழைய பல்கலைக்கழக முற்றத்துக்குள், பொரோமினி கட்டிய சான்ட் ஈவோ என்ற சிறு தேவாலயம் இருக்கிறது. வழக்கமாக ஞாயிறு காலையில்தான் அதைத் திறக்கிறார்கள். உள்ளே போய் நடுவில் நின்று, நட்சத்திர வடிவமாகத் தொடங்கி உச்சியில் வட்டமாக முடியும் அதன் வெண்ணிறக் குவிமாடத்தை அண்ணாந்து பாருங்கள். அம்மாவும் அப்பாவும் உட்கார உள்ளேயே மர இருக்கைகள் உண்டு.